டெல்மார் துப்பாக்கி, என் கண்

செட்ஜ் கிரீக், மொன்டானா
நவம்பர் 14, 2011

அன்பு மகன் ராய்ஸுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மருமகளும் அங்கே ஸ்போகேனில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ குரலை உயர்த்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன், பிறகு நாளெல்லாம் அடுப்படியில் நின்று உன்னோடு தனியாகச் சண்டை போடுகிறேன். அதனால்தான் கடிதம். நான் எட்டாவதோடு நின்றவள், எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். பொறுமையாகப் படி.

நேராகவே கேட்கிறேன். அப்பாவின் கைத்துப்பாக்கி எங்கே?

அடக்கத்தன்று கோவிலில் எல்லாரும் ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ வீட்டுக்குப் போய், எங்கள் கட்டிலோரத்து இழுப்பறையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டாயா? நானாக இழுப்பறையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. போனில் கேட்டால், "உங்களுக்குக் கண்ணு தெரியலம்மா, வாசல்ல நின்ன என்னையே பாதிரியார்னு நெனச்சுக் கைகுடுத்தீங்க" என்கிறாய். நீ கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாய். நான் மூன்று நாளாக அழுது கண் வீங்கி இருந்தேன். அதையெல்லாம் ஒரு கணக்கில் சேர்ப்பாயா?

எனக்கு அது ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். நீ ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது, மறந்திருப்பாய். படைவீரர் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நடக்கிற குறிசுடும் போட்டியில் அப்பா ஓர் அணியில் இருந்தார். ஓர் அணிக்கு நான்கு பேர். ஒருத்தர் செத்துப்போனால் அந்த வருஷப் போட்டி மார்ச்சில் முடியும்வரை அவர் இடத்தில் வேறு ஆளைப் போட மாட்டார்கள். வீட்டு ஆள் யாராவது வந்து, செத்தவரின் துப்பாக்கியாலேயே சுடலாம். யாரும் வராவிட்டால் பெயரை அழிக்காமல் நேரே சைபர் போடுவார்கள், அந்தச் சைபரை அணி சுமக்கும். மரியாதையாம்.

போன வாரம் மேவிஸோடு போய்ப் பார்த்தேன். மேவிஸ்தான் இப்போது அணித்தலைவி, கோழித் தீவனக் கடை வைத்திருப்பவள், உனக்குத் தெரியும். பலகையில் அப்பா பெயர், டெல்மார் என்று எழுதி நேரே சைபர். நாற்பது வருஷம் சுட்ட மனுஷன். ஓடை வளைவில் மான் குறுக்கே பாய்ந்து வண்டி உருண்டது அவர் தப்பா? அவருக்கு மார்ச்சு வரைக்கும் வாராவாரம் சைபரா?

நான் சுடப்போகிறேன். கல்யாணம் ஆன புதிதில் எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கோழிக்கூண்டில் நுழைந்த நரி எத்தனையைப் படுக்க வைத்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். துப்பாக்கியை ஆர்டன் பட்டறைக்கு அனுப்பிவை. அவனிடம் துப்பாக்கி வியாபார உரிமம் இருக்கிறது, அங்கேதான் அனுப்ப முடியும்.

பீட்ரூட் ஊறுகாய் இரண்டு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வந்ததா என்று எழுது.

உன் அம்மா,
அர்லிஸ்

*

ஸ்போகேன், வாஷிங்டன்
நவம்பர் 23, 2011

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊறுகாய் வந்தது. ஒன்று நேற்றே காலி.

துப்பாக்கி பத்திரமாக இருக்கிறது. ஆனால் அனுப்ப மாட்டேன். கோபப்படாமல் படியுங்கள். உங்கள் கண் சரியில்லை. மருமகள்கூட கவனித்தாள், காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினீர்கள். பக்கத்து வீட்டுக்கே ஒரு மைல் இருக்கிற இடத்தில், முன்னால் நிற்பது நாயா நரியா என்று தெரியாத ஒருத்தரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது. வண்டியும் ஓட்டக் கூடாது என்றுதான் சொல்வேன். இங்கே வந்துவிடுங்கள். மாடி அறை சும்மாதான் இருக்கிறது.

கண் டாக்டர் ஒருவர் உங்களால் குறி பார்க்க முடியும் என்று எழுதிக் கொடுக்கட்டும், அப்போது பார்க்கலாம்.

அன்புடன்,
ராய்ஸ்

*

செட்ஜ் கிரீக்
டிசம்பர் 8, 2011

மகன் ராய்ஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாடி அறையை வாடகைக்கு விடு.

டாக்டர் எழுதிக் கொடுக்க மாட்டார் என்று நினைத்துத்தானே அப்படி எழுதினாய்? உன்னைப் பெற்றவள் நான். நீ எந்த வரியை எந்த முகத்தோடு எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். போட்டி முடிந்த பிறகு மேவிஸ் தன் துப்பாக்கியைக் கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் அப்பா சுடும்போது மாட்டுகிற சுடுகண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது, அவர் வாசனையும் இருந்தது. அதைப் போட்டால் அவர் பக்கத்தில் நிற்பது போல இருக்கும் என்று நினைத்தேன். பத்துத் தோட்டாவில் மூன்றுதான் தாளிலேயே பட்டது. ஒன்று பக்கத்தில் மாட்டியிருந்த எல்ட்ரன் கிழவன் தாளில் பட்டது. அவன் பின்னால் நின்று, "நன்றிம்மா, எனக்கு ஒண்ணு கம்மியா இருந்துச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வண்டிக்குள் போய் அழுதேன்.

மறுநாள் என் கண்ணாடியையே போட்டுக்கொண்டு ஆர்டன் பட்டறைக்குப் போனேன். அது மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் என்று இரண்டு பாகம் உள்ளது. கீழ்ப் பாகத்தில் துப்பாக்கி தெரியட்டும் என்று தலையை அண்ணாந்து சுட்டால் குண்டு கூரைக்குப் போகிறது. ஆர்டன் சொன்னான்:

"அர்லிஸ், கோழி தண்ணி குடிக்கிற மாதிரி நின்னா எப்படிச் சுடுவ? வயசானவங்க எல்லாரும் பண்ற தப்புதான் இது. வயசான கண்ணுக்கு மூணுல ஒண்ணுதான் தெரியும். குழல் நுனியில நிக்கிற முளை, பின்னால இருக்கிற பிளவு, அந்தாண்ட இருக்கிற தாள். மூணையும் பார்க்கணும்னு பேராசைப்படாத. முளைய மட்டும் பாரு. அது கூர்மையாத் தெரிஞ்சாப் போதும்."

"அதுதான்டா புகை மாதிரி தெரியுது."

"அப்ப இதை வச்சுப் பாரு" என்று ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு பொருத்திய துப்பாக்கியைக் கொடுத்தான். உள்ளே மின்கலம், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும், அதை வட்டத்தின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான், இப்போது கிழடுகள் எல்லாரும் இதற்குத்தான் மாறுகிறார்கள் என்றான். எனக்குப் புள்ளியே தெரியவில்லை. மிதித்த சிலந்தி மாதிரி நாலா பக்கமும் கால் நீட்டிக்கொண்டு ஒரு சிவப்பு தெரிந்தது. சொன்னேன். அவன் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தான். "எனக்கு உருண்டையாத்தானே தெரியுது" என்றான். பிறகு, "கோளாறு இதுல இல்ல, உன் விழி கோணலா இருக்கு. முதல்ல கண்ணு டாக்டரம்மாகிட்டப் போ. கண்ணைத் தெரிஞ்சுக்காம குறி வாங்கறது, காலை அளக்காம செருப்பு வாங்கற மாதிரி" என்றான்.

போகிறேன். உனக்காக இல்லை. அந்தச் சைபருக்காக.

கன்றுகளை எல்லாம் விற்று அனுப்பியாயிற்று. அப்பா இருந்திருந்தால் நல்ல எடை என்று சொல்லியிருப்பார்.

அம்மா

*

செட்ஜ் கிரீக்
ஜனவரி 5, 2012

அன்பு ராய்ஸ்,

புத்தாண்டு வாழ்த்து. மருமகள் அனுப்பிய கம்பளிக் காலுறை அளவாக இருக்கிறது. அவளுக்கு என் முத்தம். உனக்கு அப்புறம்.

டாக்டரம்மாவிடம் போய்விட்டு வந்தேன். இங்கே சுடுகிறவர்கள் கண்ணுக்குப் போனால் துப்பாக்கியையும் கொண்டுபோவார்கள், அதுவும் உனக்கு மறந்திருக்கும். முன்கூட்டியே போன் பண்ண வேண்டும், தோட்டா இல்லாமல், தோட்டா அறையைத் திறந்து, பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், பின்வாசல் வழியாக நுழைய வேண்டும். நான் மேவிஸுடையதைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். "முன்வாசல் பக்கம் வந்துடாதீங்க. போன மாசம் ஒரு பெரியவர் பெட்டிகூட இல்லாம கையில தூக்கிட்டு வந்துட்டாரு, பக்கத்து அறை பல்லு டாக்டருக்குக் காத்திருந்தவங்க எல்லாம் நாற்காலிக்குக் கீழ போயிட்டாங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தாள் வாசலில் இருக்கும் பெண்.

டாக்டரம்மா சின்ன வயசு. என்னைச் சுடுவது போல நிற்கச் சொல்லி, கண்ணிலிருந்து முன்முளை வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டாள். "இந்த நூல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி செய்யறேன். இதுல புத்தகமும் படிக்க முடியாது, ரோடும் தெரியாது. இந்த முளை மட்டும்தான் தெரியும். சுடற இடத்தைத் தவிர வேற எங்கயும் போடாதீங்க" என்றாள். விழி கோணலையும் அதிலேயே சரிசெய்தாள். வலது கண்ணில் புரை வருகிறதாம், மே மாதம் எடுத்துவிடலாம் என்றாள். அதுவரை இருட்டும் நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள் என்றாள். சரி என்றேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் மேவிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறாள். பார், உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அப்பாவின் சுடுகண்ணாடியையும் காட்டினேன், இதையே எனக்கு மாற்ற முடியுமா என்று. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. "இதை இனிமே போடாதீங்க, அர்லிஸ். இது உங்களுக்கானது இல்ல" என்று மட்டும் சொல்லி மெல்ல மடித்து என் கையில் வைத்தாள்.

புதுக் கண்ணாடி முந்தாநாள் வந்தது. அன்று மண்டபத்தில் மேவிஸ் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்தேன். ராய்ஸ், அந்த முளையின் விளிம்பு தெரிந்தது. அதன் மேல் இருந்த ஒரு சின்னக் கீறல்கூடத் தெரிந்தது. தாள் பனிமூட்டத்துக்குள் இருக்கிற மாதிரிதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். பத்தும் தாளில் பட்டது, ஆறு கறுப்பு வட்டத்துக்குள். எல்ட்ரனிடம் போய், "உனக்கு இன்னிக்கு ஒண்ணும் தர்றதுக்கு இல்ல" என்றேன்.

டாக்டர் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்று.

அம்மா

*

ஸ்போகேன்
ஜனவரி 16, 2012

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்குள்ள கடை மூலமாகத் துப்பாக்கியை ஆர்டன் பெயருக்கு அனுப்பிவிட்டேன். இந்த வாரக் கடைசியில் வந்துவிடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதில் எதையும் மாற்றாதீர்கள். அப்பா எப்படி வைத்திருந்தாரோ அப்படியே இருக்கட்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

ராய்ஸ்

*

செட்ஜ் கிரீக்
பிப்ரவரி 1, 2012

ராய்ஸ்,

துப்பாக்கி வந்தது. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

ஆர்டன் மேசையில் பெட்டியைத் திறந்தேன். பிடியைத் தொட்டதும் அப்பாவின் கையைத் தொட்ட மாதிரி இருந்தது. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துப் பிடித்தேன். முளையைக் காணோம். குழல் நுனியில் ஒரு வெள்ளை உருண்டை நின்றது, பட்டாணி அளவுக்கு. கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். பெயின்ட். கோழிக்கூண்டுக் கதவுக்கு அடிக்கிற அதே வெள்ளைப் பெயின்ட், காயக் காய மேலே மேலே பூசியிருக்கிறது. பின்பிளவைப் பார்த்தேன். அரத்தால் ராவி ராவி, பல் விழுந்த வாய் மாதிரி ஆக்கியிருக்கிறது. அதற்குள் என் சுண்டுவிரல் நகம் முழுசாகப் போகிறது.

"இது யார் பண்ணின வேலை?" என்று கேட்டேன்.

ஆர்டன் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டே இருந்தான்.

"உன்னத்தான்டா கேக்கறேன்."

"பெயின்ட் அவன் அடிச்சது. பிளவு நான் ராவினேன். வசந்தத்துல ஒரு தடவை வந்தான். வெயில்ல ஒரு தடவை. செப்டம்பர்ல ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அகலம் பண்ணுன்னான்."

"கை நடுங்குதுன்னு சொன்னாரு என்கிட்ட. அதனாலதான் குறி தப்புதுன்னாரு."

"கை நல்லாத்தான் இருந்துச்சு, அர்லிஸ்."

கை இல்லை என்றால் கண்தான். நான் கடையிலேயே ஒரு டப்பா மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீ கேள், சொல்கிறேன். கடைசி இரண்டு வருஷம் உன் அப்பா என்னைப் பார்த்துப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் என் காதைப் பார்த்துப் பேசுவார். சில நாள் தோளுக்கு மேலே பார்ப்பார். "என் மூஞ்சியப் பார்த்துப் பேசினா என்ன, கசக்குதா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொள்வார். இந்த மனுஷனுக்கு நான் சலித்துவிட்டேன் என்று முடிவுகட்டிவிட்டேன், ராய்ஸ். அந்த முடிவோடுதான் அவரை அடக்கம் பண்ணினேன். சவப்பெட்டி பக்கத்தில் நின்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, அப்பா பெயரைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். ஒருவர் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசினால், முளைக்கு இவ்வளவு வெள்ளை பூசினால், கண்ணில் என்ன கோளாறு என்று. கண்ணின் நடுவில் கறை விழுந்திருக்கும், சுற்றிவர உள்ளதுதான் தெரியும், எதையாவது பார்க்க வேண்டும் என்றால் அதற்குப் பக்கத்தில் பார்ப்பார்கள் என்றாள்.

என் முகத்தைப் பார்ப்பதற்காக என் காதைப் பார்த்திருக்கிறார்.

இது உனக்குத் தெரியும். அதனால்தான் அவசரமாகத் துப்பாக்கியை எடுத்தாய். அதனால்தான் எதையும் மாற்றாதீர்கள் என்று எழுதினாய். நான் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டேன் என்று நினைத்தாயா, இல்லை புரிந்துகொள்ளட்டும் என்று அனுப்பினாயா, அது எனக்குத் தெரியவில்லை. ஓடை வளைவில் மான் இருந்ததா ராய்ஸ்? பதில் எழுது. போன் பண்ணாதே.

அர்லிஸ்

*

ஸ்போகேன்
பிப்ரவரி 9, 2012

அம்மா,

மான் இருந்ததா என்று எனக்கும் தெரியாது. போலீஸ் ஷெரிஃப்தான் அப்படிச் சொன்னார், நான் வாயைத் திறக்கவில்லை.

கண் விஷயம் தெரியும். ஆகஸ்டில் வைக்கோல் அடுக்க வந்தேனே, அப்போது வேலிக் கம்பியில் நேராகப் போய் மோதிக்கொண்டார். நான் பிடித்துக் கேட்டேன். முதலில் திட்டினார். பிறகு சொன்னார். "கன்னுங்கள ஏத்தி அனுப்பற வரைக்கும் பொறுடா. அப்புறம் நானே அவகிட்டச் சொல்றேன். இப்பச் சொன்னா உங்கம்மா மாட்டையெல்லாம் விக்கச் சொல்லுவா, சாவியப் புடுங்கிடுவா, என்னைச் சன்னலோரம் உக்கார வச்சுடுவா" என்றார். கையில் அடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். பகலில் மட்டும் ஓட்டுகிறேன், வளைவெல்லாம் மனப்பாடம் என்றார். அவர் என்னைப் பெற்ற அப்பா. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் சொன்னபோது உங்களிடம் ஓடிவந்து சொல்லியிருந்தால் அவர் என்னோடு பேசியே இருக்க மாட்டார். சொல்லாததால் இப்போது நீங்கள் பேச மாட்டீர்கள்.

உங்களையும் அதே மாதிரி ஒரு நாள் ஓடையிலிருந்து எடுக்கப் போக வேண்டியிருக்குமோ என்றுதான் பயந்தேன். பயந்து செய்தது. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஆனால் அந்தத் துப்பாக்கியின் மேல் கை வைக்காதீர்கள். அந்தப் பெயின்ட் அவர் விரலால் தடவியது. அவர் எனக்கு விட்டுப்போனது வேறு ஒன்றும் இல்லை. நிலம் உங்களுக்கு, மாடு உங்களுக்கு. அதை மட்டும் அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேறு துப்பாக்கி எது வேண்டுமானாலும் நான் வாங்கித் தருகிறேன்.

ராய்ஸ்

*

செட்ஜ் கிரீக்
மார்ச் 1, 2012

அன்பு மகன் ராய்ஸுக்கு,

உன் கடிதத்தை மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் இடத்தில் நின்று படித்தேன். காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது, விடவில்லை.

உன் மேல் கோபமாக இருக்கிறேன். அப்பா மேல் அதைவிடக் கோபம். சன்னலோரம் உட்கார வைத்திருப்பேனாம். ஆமாம், வைத்திருப்பேன். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன். அவர் சும்மா இருடி என்று கத்தியிருப்பார். அப்படி இருபது வருஷம் போயிருக்கும். அந்த இருபது வருஷத்தை நீங்கள் இரண்டு பேரும் கையில் அடித்துப் பேசி முடித்துவிட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை.

இனிமேல் யாரும் என்னைக் கேட்காமல் எதையும் முடிவு பண்ணக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

துப்பாக்கியை ஆர்டனிடம் கொண்டுபோனேன். முளையையும் பிளவையும் கழற்று என்றேன். அவன் திருப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. "ராய்ஸ் போன் பண்ணினான், அர்லிஸ்" என்றான்.

"அவன் சுடறானா, நான் சுடறேனா?"

"இல்ல, அவனுக்கு அது..."

"ஆர்டன், என் புருஷன் கண்ணு போகப் போக நீ பிளவ ராவிக் குடுத்த. வாயத் தொறக்கல. இப்ப என் கண்ணுக்கு ஒண்ணு பண்ணித் தர்றதுக்கு மட்டும் உனக்கு யோசனை வருதா?"

எடுத்தான். கழற்றினான். மேசை மேல் துண்டு விரித்து, தன்னிடம் இருந்த முளைகளை எல்லாம் வரிசையாக வைத்தான். வெள்ளைப் பொட்டு வைத்தது ஒன்று. வட்டத்தையே மூடிவிடுகிறது, எங்கே சுடுகிறேன் என்றே தெரியவில்லை. பச்சைக் குச்சி பதித்தது ஒன்று. வெளியில் வெயிலில் பிடித்தால் மின்மினி மாதிரி எரிகிறது, மண்டபத்தின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனால் செத்துவிடுகிறது. பித்தளைக் குண்டு வைத்தது பார்க்க அழகாக இருந்தது. ஆனால் விளக்கு இடது பக்கம் இருந்தால் மினுக்கும் இடது பக்கம் போகிறது, என் கை அந்த மினுக்கின் பின்னால் போகிறது. கடைசியில் எனக்குப் பொருந்தியது வெறும் கறுப்பு. பொட்டும் இல்லை, மினுக்கும் இல்லை, சதுரமாக வெட்டிய ஒல்லி முளை. பின்னால் அளவான பிளவு, முளைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் தெரிகிற அளவுக்கு. அந்த இரண்டு கீற்று வெளிச்சத்தையும் சமமாக வைத்துக்கொண்டால் போதும். "இருக்கறதிலயே விலை கம்மி இதுதான்" என்று ஆர்டன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்.

செவ்வாய்க்கிழமை போனேன். எல்ட்ரன் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதும்மா. டெல்மார் துப்பாக்கின்னா டெல்மார் வச்சிருந்த மாதிரியே இருக்கணும். அதுதான் வழக்கம்" என்றான். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

"அப்ப டெல்மாரோட கண்ணையும் குடு. அதை வச்சே சுடறேன்" என்றேன்.

பிறகு எல்லார் முன்னாலும் சொன்னேன். அவருக்குக் கண்ணின் நடுவில் பார்வை போய்விட்டது என்று. அவர் வட்டத்தைப் பார்க்காமலே, வெள்ளைத் தாள் எங்கே முடிகிறது என்று ஓரத்தை வைத்து மட்டும் நடுவைக் கணக்குப் போட்டு, போன வருஷம் முழுக்க உங்களோடு சுட்டார் என்று. அவர் ஒளித்ததை நான் சொல்லிவிட்டேன், ராய்ஸ். எனக்கு வலது கண்ணில் புரை, மே மாதம் எடுக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். இருட்டில் வண்டி ஓட்ட மாட்டேன், யாராவது ஏற்றிக்கொண்டு வந்தால்தான் வருவேன் என்றும் சொன்னேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பாதி மண்டபம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தங்கள் கண்ணாடியைத் துடைத்தது.

மேவிஸ், "நான் தலைவி, நான் சொல்றேன், செல்லும்" என்றாள். நான் சுட வேண்டிய இடத்தில் தாளை எல்ட்ரனே மாட்டிவிட்டான்.

நூற்றுக்கு அறுபத்தெட்டு. அப்பாவின் நல்ல காலத்துக்கு இது ஒன்றும் இல்லை. ஆனால் பலகையில் சைபரை அழித்துவிட்டு எழுதினார்கள். டெல்மார் பெயரைப் பாதி அழித்து என் பெயர் எழுதப்போனார்கள், வேண்டாம் என்று தடுத்தேன். பெயர் அவருடையது. கண் என்னுடையது.

துப்பாக்கியைத் திருப்பி அனுப்ப மாட்டேன். இந்த வருஷம் முடிந்தாலும் அனுப்ப மாட்டேன். அடுத்த வருஷம் என் பெயரிலேயே சேரப்போகிறேன். ஸ்போகேனுக்கும் வர மாட்டேன். மே மாதம் கண் அறுவைக்கு மேவிஸ் கூட வருகிறாள். நீயும் வர நினைத்தால் வா, வீட்டில் இடம் இருக்கிறது. வந்தால் மாட்டுக் கொட்டகைக் கதவைச் சரிசெய்ய வேண்டும்.

அப்பா உனக்கு ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று எழுதியிருந்தாய். இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. அவருடைய முளையும் பிளவும். பெயின்ட் உதிராமல் பஞ்சில் சுற்றியிருக்கிறேன். இது உன்னுடையது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதே. சாயங்காலம், வெளிச்சம் இறங்குகிற நேரத்தில், உன் வீட்டுக்கு வெளியே போய் நில். பிளவை ஒரு கையில் கண்ணுக்குப் பக்கத்தில் பிடி, முளையை மறுகையில் நீட்டிப் பிடி. அதன் வழியாகத் தெருவைப் பார். கார் வருகிற தெருவை. எத்தனை பெரிய ஓட்டை அது, எத்தனை தடித்த வெள்ளை அது என்று பார். அவ்வளவு வேண்டியிருந்தது அந்த மனுஷனுக்கு, அப்போதும் தெரியவில்லை. இரண்டு கையும் நோகிற வரைக்கும் பார்.

பார்த்துவிட்டு எழுது. மன்னிப்புக் கேட்க வேண்டாம், நீதான் கேட்க மாட்டேன் என்று எழுதிவிட்டாயே. என்ன தெரிந்தது என்று மட்டும் எழுது.

உன் கடிதம் வருகிறவரை கோபமாகத்தான் இருப்பேன். வந்த பிறகும் கொஞ்ச நாள் இருப்பேன்.

அம்மா
அர்லிஸ்